மெயிலை எங்கே குடிவைப்பது? கணினிக்கு மெயில் மென்பொருள் தேடுபவருக்கு ஒரு வழிகாட்டி

"அண்ணே, ஜிமெயில் ஃபுல்லுன்னு சிவப்புல வருது. பெரிய பென்டிரைவா ஒண்ணு வாங்கினா சரியாயிடுமா?"

சென்னை எம்.சி. ரோட்டில் நைட்டி, உள்பாவாடை மொத்த வியாபாரம் செய்யும் தம்பி ஒருவர் கேட்டது இது. பழைய வண்ணாரப்பேட்டையில் கணினி கொஞ்சம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்டால் வாரத்துக்கு ஒருவராவது இப்படி வாசலில் வந்து நிற்பார். மிண்ட் பக்கம் கணக்கு எழுதுபவர், ராஜாஜி சாலையில் துறைமுகச் சரக்கை விடுவித்துத் தரும் கிளியரிங் ஆபீஸ் வேலைக்குப் போகிறவர், தண்டையார்பேட்டையில் டியூஷன் எடுக்கும் அக்கா. ஒருவருக்கு இடம் போதவில்லை. இன்னொருவருக்கு மூன்று மெயில் முகவரி, மூன்றையும் மாற்றி மாற்றித் திறந்து அலுத்துவிட்டது. வேறொருவருக்கு நெட் போய்விட்டால் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. சுற்றி வளைத்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எந்த சாஃப்ட்வேர் போடலாம்?

நான் உடனே பெயர் சொல்வதில்லை. மெயில் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள் என்பேன். அதை யோசிக்காமல் மென்பொருள் போட்டு நான்கு வருடக் கடிதங்களைத் தொலைத்தவன் நான்.

தேவையா என்று முதலில் பாருங்கள்

உங்களுக்கு வருவது பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ரயில் டிக்கெட்டும் ஆன்லைன் கடைகளின் தள்ளுபடிக் கூச்சலும் மட்டும்தான் என்றால் தனியாக எதுவும் வேண்டாம். போனில் இருக்கும் செயலியும் பிரவுசரும் போதும்.

இரண்டு மூன்று முகவரிகள் வைத்திருப்பவர், பழைய பில்லையும் ஒப்பந்தத்தையும் வருடக்கணக்கில் காப்பாற்றி வைக்க வேண்டியவர், நெட் இல்லாத நேரத்திலும் பழைய மெயிலைத் திறக்க வேண்டியவர், இவர்களுக்குத்தான் கணினியில் ஒரு மெயில் மென்பொருள் உதவும். இணையத்தில் இருக்கும் மெயிலைக் கொண்டுவந்து கணினியில் வைத்து, அங்கிருந்தே படிக்கவும் எழுதவும் தேடவும் விடுகிற மென்பொருள். ஆங்கிலத்தில் மெயில் கிளையன்ட் என்பார்கள்.

மீன் கூடையா, பாஸ்புக்கா?

மெயிலைக் கொண்டுவர இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று பாப், மற்றது ஐமேப். மென்பொருளை நிறுவும்போது இந்த இரண்டில் எது வேண்டும் என்று ஒரு சின்னக் கேள்வி வரும். பெரும்பாலோர் படிக்காமலே அடுத்ததை அழுத்திவிடுவார்கள். அந்த இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

பாப் என்பது காசிமேட்டில் மீன் வாங்குவது போல. ஏலம் முடிந்து கூடையில் ஏறிவிட்டால் மீன் உங்களுடையது. அதன் பிறகு கரையில் அது கிடையாது. வீட்டில் கெட்டுப்போனாலும் உங்கள் பாடு. பாப் முறை 1984இல் வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் பாப்3 என்பது 1988இன் வார்ப்பு. போன் லைன் வழியாக நெட் வந்த காலத்துக்கு அது பொருத்தமான ஏற்பாடு. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது மோடம் கீச்சிட்டு இணைந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு ஓடியது. இணை, மெயிலை அள்ளு, துண்டி, பிறகு நிதானமாகப் படி. அதற்குத்தான் பாப்.

ஐமேப் என்பது பேங்க் பாஸ்புக் போல. அசல் கணக்கு பேங்கில், உங்கள் கையில் இருப்பது அதன் நகல். போனில் ஒரு மெயிலைப் படித்தால் கணினியிலும் படித்ததாகவே தெரியும். கணினியில் ஒரு ஃபோல்டர் திறந்தால் போனிலும் அது முளைக்கும். மார்க் கிரிஸ்பின் என்பவர் ஸ்டான்ஃபோர்டில் 1986இல் வடிவமைத்தது. ஒரே ஆளிடம் போன், லேப்டாப், ஆபீஸ் கணினி என மூன்று இருக்கும் இந்தக் காலத்துக்கு இதுவே சரி.

என் கதை இங்கேதான் வருகிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு கிளியரிங் ஆபீஸில் இருந்தேன். கப்பல் கம்பெனியிலிருந்து வரும் பி.எல். என்ற சரக்கு ரசீது, டெலிவரி ஆர்டர், பார்ட்டிக்கு அனுப்பும் பில் எல்லாம் மெயிலில்தான். விண்டோஸ் எக்ஸ்பி கணினி, அதில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ், இணைப்பு பாப். மெயில் சேவை தருபவரின் கணினிக்கு சர்வர் என்று பெயர். "சர்வரில் ஒரு நகலை விட்டுவை" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் டிக் இல்லை என்பதை ஹார்டு டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டு நின்ற நாளில்தான் கண்டுபிடித்தோம். மெயில்கள் சர்வரிலும் இல்லை, கணினியிலும் இல்லை. ஒவ்வொரு பார்ட்டிக்கும் போன் செய்து, "சார், போன வருஷம் நீங்க அனுப்பின மெயிலைத் திருப்பி எனக்கே அனுப்ப முடியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சிலர் சிரித்தார்கள், சிலர் அனுப்பினார்கள்.

அதனால் என் தீர்ப்பு இதுதான். புதிதாக ஆரம்பிப்பவர் ஐமேப் போடுங்கள். பாப்தான் வேண்டும் என்று ஒரு காரணம் உங்களிடம் இருந்தால், சர்வரில் நகலை விட்டுவைக்கும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். தண்டர்பேர்டில் அதன் கீழேயே "14 நாள் வரை" என்பது போல ஒரு சின்னக் கட்டமும் இருக்கும். அதில் டிக் இருந்தால் பதினைந்தாம் நாள் சர்வரில் மெயில் இருக்காது. அதை எடுத்துவிடுங்கள்.

ஐமேப் போட்டவர்களுக்கு வரும் மயக்கம் வேறு மாதிரி. கணினியிலும் இருக்கிறதே, ஒன்று போனால் இன்னொன்று இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். இருக்காது. போனில் உங்கள் பிள்ளை விளையாட்டாக அழித்த மெயில் கணினியிலிருந்தும் போய்விடும். பேங்கில் கணக்கை மூடிவிட்டுப் பாஸ்புக்கை நீட்டினால் பணம் கிடைக்குமா? ஐமேப் நகலைப் பேக்கப் என்று எண்ணாதீர்கள். பேக்கப் தனி வேலை, பின்னால் சொல்கிறேன்.

இப்போது பெயர்கள்

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது தண்டர்பேர்டு. ஃபயர்பாக்ஸ் பிரவுசரைத் தந்த மொசில்லாவிலிருந்து வந்தது, முதல் பதிப்பு 2004 டிசம்பரில் வெளியானது. காசு கிடையாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நாளைக்கு நீங்கள் விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போனாலும் அதே மெயில் ஃபோல்டரைத் தூக்கிக்கொண்டு போகலாம். என்னைக் கேட்டால் அதுதான் அதன் பெரிய பலம். அழகு கொஞ்சம் கம்மிதான் என்று சொல்லி வந்தேன். 2023இல் வந்த 115ஆம் பதிப்பில் முகத்தை மாற்றிவிட்டார்கள், இப்போது பரவாயில்லை.

விண்டோஸோடு வந்த பழைய மெயில் செயலியைப் பயன்படுத்தியவர்கள் நிறைய பேர். அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பர் 31உடன் நிறுத்திவிட்டது. அந்த இடத்தில் புதிய அவுட்லுக் வந்து உட்கார்ந்திருக்கிறது. இலவசம்தான், பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். ஆனால் அதில் உங்கள் ஜிமெயிலைச் சேர்த்தால், மெயில் நேராக உங்கள் கணினிக்கு வராமல் மைக்ரோசாஃப்டின் சர்வரிலும் ஒரு நகலாகத் தங்கும். தவறு என்று சொல்லவில்லை, தெரிந்து செய்யுங்கள் என்கிறேன். மெயில் எங்கே குடியிருக்கிறது என்று கேட்டால் இப்போது இரண்டு வீடு சொல்ல வேண்டும், இரண்டுமே உங்கள் வீடு கிடையாது. ஆபீஸில் மைக்ரோசாஃப்ட் 365 கணக்கு கொடுத்திருந்தால் மட்டும் யோசிக்காமல் அவுட்லுக்கே வைத்துக்கொள்ளுங்கள். காலண்டர், மீட்டிங் எல்லாம் அதில்தான் ஒழுங்காக ஒட்டும்.

மேக் வைத்திருப்பவர் அதோடு வரும் மெயில் செயலியில் ஆரம்பிக்கலாம்.

அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு 2011 முதல் கொடுத்த மடிக்கணினிகள் நம் பக்கத்தில் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அக்கா படித்து முடித்தது, தம்பி படித்து முடித்தது, இப்போது அப்பாவின் கடைக் கணக்குக்கு. பழையவற்றில் நினைவகம் 2 ஜிபி இருந்தால் அதிகம். அவற்றில் தண்டர்பேர்டு மூச்சு வாங்கும். அங்கே க்ளாஸ் மெயில் போட்டுப் பாருங்கள். மிக இலகுவானது, லினக்ஸிலும் விண்டோஸிலும் கிடைக்கும். படமும் வண்ணமும் நிறைந்த மெயில்களை வெறும் எழுத்தாகத்தான் காட்டும். பில்லும் கடிதமும் படிக்க அது போதும், விளம்பரம் தொல்லை செய்யாமல் இருப்பது லாபம்.

இதற்கு அப்பால் கருப்புத் திரையில் கட்டளை அடித்து வேலை செய்யும் கூட்டம் ஒன்று உண்டு. அவர்கள் முறையைப் புதியவருக்குப் பரிந்துரைக்க மாட்டேன், ஆனால் புரிந்துகொள்ள நல்லது. கிளியரிங் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்துக்குப் போய்ப் பேப்பர் வாங்கி வருபவன் ஒருவன், அதைப் பார்ட்டி வாரியாக ஃபைலில் போடுபவன் ஒருவன், உட்கார்ந்து படித்துப் பதில் தட்டுபவன் ஒருவன், பதிலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவன் ஒருவன். லினக்ஸ் உலகத்தில் இந்த நான்கு வேலைக்கும் நான்கு கருவிகள். வாங்கி வர ஃபெட்ச்மெயில் அல்லது கெட்மெயில், பிரித்துப் போட புரோக்மெயில், படிக்க 1995இல் பிறந்த மட், அனுப்ப எம்.எஸ்.எம்.டி.பி. சர்வரையும் கணினியையும் இரு பக்கமும் ஒத்துப்போக வைக்க எம்.பி.சிங்க் என்று ஒன்று. தண்டர்பேர்டு இந்த நான்கு ஆளின் வேலையையும் தானே பார்க்கிறது. ஏதாவது கோளாறு வந்தால், "வாங்கி வருவதில் கோளாறா, அனுப்புவதில் கோளாறா?" என்று பிரித்துப் பார்க்க இந்தப் படம் உதவும். மெயில் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால் ஐமேப்பை நோண்டாதீர்கள். மெயில் அனுப்பும் முறையான எஸ்.எம்.டி.பி.யின் அமைப்பைப் பாருங்கள்.

நிறுவும் நாள்

தண்டர்பேர்டு டாட் நெட் என்ற தளத்துக்கு நேராகப் போய் இறக்குங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தை அழுத்த வேண்டாம். மென்பொருள் பெயரில் வேறெதையோ கட்டிக் கொடுக்கும் தளங்கள் இருக்கின்றன.

திறந்ததும் பெயர், மெயில் முகவரி, பாஸ்வேர்டு கேட்கும். ஜிமெயில், யாகூ போன்ற பெரிய சேவை என்றால் மற்ற விவரத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். ஐமேப் தேர்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து அழுத்துங்கள். ஜிமெயிலுக்கு கூகுளின் உள்நுழைவு சன்னல் தனியாகத் திறக்கும். அங்கே பாஸ்வேர்டு கொடுத்து அனுமதி தந்தால் வேலை முடிந்தது. பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொள்ளாமல் கூகுள் கொடுத்த அனுமதிச் சீட்டை மட்டும் தண்டர்பேர்டு வைத்துக்கொள்கிறது. நாளைக்கு லேப்டாப் திருடுபோனால் போனிலிருந்தே கூகுள் கணக்குக்குள் போய் அந்தச் சீட்டை ரத்து செய்துவிடலாம்.

யூடியூபில் பழைய வீடியோ ஒன்று, "பாதுகாப்புக் குறைந்த செயலிகளை அனுமதி என்பதை ஆன் செய்யுங்கள்" என்று சொல்லும். அந்த வழியைத் தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே 30 அன்று மூடிவிட்டது. அதைத் தேடி அலைய வேண்டாம். க்ளாஸ் மெயில் போன்றவற்றுக்கு ஆப் பாஸ்வேர்டு என்று ஒன்று வேண்டும். முதலில் கூகுள் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். பிறகு ஆப் பாஸ்வேர்டு பக்கத்தில் 16 எழுத்துள்ள ஒரு சொல் கிடைக்கும். உங்கள் வழக்கமான பாஸ்வேர்டு இருக்க வேண்டிய இடத்தில் அதைப் போடுங்கள்.

கம்பெனிப் பெயரில் சொந்த மெயில் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டத்தில் கொஞ்சம் வேலை. மெயில் இடம் வாங்கித் தந்தவரிடம் மூன்று விஷயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: வாங்கும் சர்வரின் பெயர், அனுப்பும் சர்வரின் பெயர், பயனர் பெயர் முழு முகவரியா பாதியா. போர்ட் எண், அதாவது சர்வரின் கதவு எண், பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒன்றேதான். ஐமேப்புக்கு 993, பாப்புக்கு 995, அனுப்ப 465 அல்லது 587. அவர் 143, 110 என்று சொன்னால் அவை பூட்டுப் போடாத பழைய கதவுகள். "எஸ்.எஸ்.எல். பூட்டு உள்ளது சொல்லுங்க சார்" என்று திருப்பிக் கேளுங்கள்.

முதல் நாள் மெயில் இறங்குவதுதான் பெரிய வேலை. பத்து வருட மெயில், அட்டாச்மென்ட்டோடு. போன் ஹாட்ஸ்பாட்டில் ஆரம்பித்தால் ஒரு நாளைக்கான டேட்டா டீ குடித்து வருவதற்குள் தீர்ந்துவிடும். இரவு பிராட்பேண்டில் விட்டுவிட்டுத் தூங்குங்கள். இல்லையென்றால் அக்கவுன்ட் செட்டிங்ஸில் சிங்க்ரனைசேஷன் அண்டு ஸ்டோரேஜ் என்ற பகுதிக்குப் போய், கடைசி ஒரு வருடம் மட்டும் போதும் என்று கட்டுப்படுத்துங்கள். பழையது சர்வரிலேயே இருக்கும்.

ஜிமெயிலில் ஒரே கடிதம் இன்பாக்ஸிலும் தெரியும், ஆல் மெயிலிலும் தெரியும். பதறவேண்டாம். ஜிமெயிலில் உண்மையில் ஃபோல்டர் என்று எதுவும் இல்லை, ஒரே கடிதத்தின் மேல் ஒட்டிய லேபிள்கள்தான். தண்டர்பேர்டு அவற்றை ஃபோல்டராகக் காட்டுகிறது. ஆல் மெயில் கண்ணை உறுத்தினால் அந்த ஃபோல்டருக்கான சப்ஸ்கிரைப் டிக்கை எடுத்துவிடுங்கள்.

அந்தத் தம்பியின் சிவப்பு எழுத்து

பென்டிரைவ் கேட்டவருக்கு வருகிறேன். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. மெயிலுக்கு மட்டும் என்று நினைத்திருந்தார். டிரைவ், போட்டோஸ், மெயில் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அது. ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸாப் பேக்கப்பும் இப்போது அந்தக் கணக்கில்தான் ஏறுகிறது. நிறைந்துவிட்டால் புதிய மெயில் வராது, அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். வியாபாரிக்கு இது ஆர்டர் போகும் விஷயம்.

முதலில் எது எவ்வளவு தின்கிறது என்று பார்த்தோம். கூகுள் கணக்கின் ஸ்டோரேஜ் பக்கத்தில் மூன்றும் தனித்தனியாகத் தெரியும். மெயிலில் 6 ஜிபிதான். மீதி எல்லாம் நைட்டி டிசைன் வீடியோவும் தங்கை கல்யாண வீடியோவும். அதை அவர் பார்த்துக்கொண்டார். மெயிலுக்குச் செய்தது இது, நீங்களும் அப்படியே செய்யலாம்.

தண்டர்பேர்டின் இடது பக்கத்தில் லோக்கல் ஃபோல்டர்ஸ் என்று ஒன்று இருக்கும். அதில் போட்டது உங்கள் கணினியில் மட்டும் இருக்கும், சர்வரோடு தொடர்பு இல்லை. அதற்குள் 2016, 2017 என்று வருடப் பெயரில் ஃபோல்டர் திறந்து, பழைய மெயில்களைத் தேர்ந்து அங்கே நகலெடுங்கள். நகர்த்த வேண்டாம், காப்பி. பாதி வழியில் நெட் போனால் நகர்த்தியது அந்தரத்தில் நிற்கும். காப்பி என்றால் மறுபடி ஆரம்பிக்கலாம். முடிந்ததும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். நாலைந்து அட்டாச்மென்ட்டைத் திறந்து பாருங்கள். அந்த ஃபோல்டரை வெளி டிஸ்க்கிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இவ்வளவும் ஆன பிறகுதான் அழிப்பது.

அழிப்பதைப் பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து செய்வது நல்லது. தண்டர்பேர்டில் இன்பாக்ஸிலிருந்து எடுத்தாலும் ஆல் மெயிலில் அது தங்கிவிட வாய்ப்பு உண்டு. இடம் குறையவே இல்லையே என்று தலையைச் சொறிவீர்கள். ஜிமெயிலின் தேடல் பெட்டி ஓரத்தில் இருக்கும் குறியை அழுத்தினால் அளவு, தேதி, அட்டாச்மென்ட் உண்டா என்ற கட்டங்கள் வரும். 5 எம்பிக்கு மேல், இந்தத் தேதிக்கு முன் என்று கொடுத்தால் பெரிய மெயில்கள் மட்டும் வரிசையில் நிற்கும். அழித்ததும் அவை குப்பைத் தொட்டிக்குப் போகும். 30 நாள் அங்கே இருக்கும், அந்த 30 நாளும் இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். தொட்டியையும் காலி செய்தால்தான் சிவப்பு எழுத்து மறையும்.

அடுக்கி வைப்பது

புதிதாக மென்பொருள் போட்டவர்கள் முதல் வாரத்தில் முப்பது ஃபோல்டர் திறப்பார்கள், இரண்டாம் மாதம் எல்லாம் இன்பாக்ஸிலேயே கிடக்கும். மூன்று போதும்: பணம், வேலை, மற்றவை. வரும் மெயிலைத் தானே பிரித்துப் போடும் ஃபில்டரை அமைக்கும்போது தலைப்பை நம்பாமல் அனுப்புநர் முகவரியை வைத்துப் போடுங்கள். பேங்கும் கரன்ட் பில்லும் தலைப்பை மாற்றிக்கொண்டே இருக்கும், முகவரி அவ்வளவாக மாறாது.

தேடுவதில் தமிழுக்கென்று ஒரு சங்கடம் உண்டு. "ரசீது" என்று தேடினால் "ரசீதை அனுப்பியுள்ளேன்" என்று எழுதிய கடிதம் சிக்காது. வேற்றுமை உருபு ஏறினால் கடைசி எழுத்து மாறிவிடுகிறதே. அதனால் "ரசீத" என்று பாதியில் நிறுத்தித் தேடுங்கள். தண்டர்பேர்டில் பட்டியலுக்கு மேலே இருக்கும் குயிக் ஃபில்டர் பட்டையில் இப்படித் தேடினால் இரண்டும் வரும். "கணக்க" என்று அரைச் சொல்லாகத் தேடுவது பழகிவிட்டால் தமிழ் மெயிலில் பெரும்பாலும் எதுவும் தப்பாது.

எழுத்து சின்னதாகவோ ஒன்றின் மேல் ஒன்று ஏறியோ தெரிந்தால், செட்டிங்ஸில் எழுத்துரு பகுதிக்குப் போய் மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்து, நிர்மலா அல்லது லதா எழுத்துருவை வைத்து அளவைக் கூட்டுங்கள். ஆங்கிலத்துக்கு மட்டும் கூட்டிவிட்டு, தமிழ் மாறவில்லையே என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த தமிழ்க் கடிதங்களை யாராவது இன்னும் வைத்திருந்தால், அவை கொம்பும் புள்ளியும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியலாம். வைரஸ் கிடையாது. யூனிகோடு என்ற பொதுக் குறியீடு பரவுவதற்கு முன் டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியீட்டில் எழுதினோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித்தான் டாப், டாம் இரண்டையும் அரசு தரமாக அறிவித்தார்கள். அந்தக் கடிதத்தின் உள்ளடக்கத்தை நகலெடுத்து என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டால் பழைய தமிழ் எழுந்து வரும். ஒரு பெரியவருக்கு அவர் மகன் 2002இல் எழுதிய கடிதத்தை அப்படித் திறந்து கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, "அன்னிக்கும் இவன் காசுதான் கேட்டிருக்கான்" என்றார்.

பேக்கப்

தண்டர்பேர்டின் எல்லா மெயிலும் அமைப்பும் புரொஃபைல் ஃபோல்டர் என்ற ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. ஹெல்ப் மெனுவில் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் என்பதைத் திறந்தால் அந்த ஃபோல்டரைத் திறக்கும் பொத்தான் கிடைக்கும். இடத்தைக் குறித்துக்கொண்டு தண்டர்பேர்டை மூடுங்கள். மூடாமல் நகலெடுத்தால் பாதி எழுதிய கோப்பு போய்ச் சேரும். பிறகு அந்த ஃபோல்டரை முழுசாக வெளி டிஸ்க்கில் போடுங்கள். மாதம் ஒரு முறை, சம்பள நாளன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

இங்கே ஒரு பொறி. தண்டர்பேர்டு வழக்கமாக ஒரு ஃபோல்டரின் எல்லாக் கடிதங்களையும் எம்பாக்ஸ் என்ற ஒரே நீளக் கோப்பாக வைக்கும். இன்பாக்ஸ் பெருத்துவிட்டால் அந்த ஒரு கோப்பே 5 ஜிபி, 6 ஜிபி ஆகும். கடையில் வாங்கும் பென்டிரைவ் பல ஃபேட்32 வடிவத்தில் வருகின்றன. அதில் 4 ஜிபிக்கு மேல் ஒற்றைக் கோப்பு ஏறாது. 64 ஜிபி பென்டிரைவ் காலியாக இருக்கும், கோப்பு பெரிது என்று அடம்பிடிக்கும். எக்ஸ்ஃபேட் வடிவத்தில் ஃபார்மேட் செய்துவிட்டுப் போடுங்கள். வருடவாரியாகப் பிரித்து வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொன்று, ஆன்டிவைரஸ் சில நேரம் ஒரே ஒரு வைரஸ் மெயிலுக்காக முழு இன்பாக்ஸ் கோப்பையும் தூக்கிச் சிறையில் போட்டுவிடும். சிறிய கோப்பாக இருந்தால் இழப்பும் சிறியது. அழித்த மெயில்கள் அந்தக் கோப்புக்குள்ளேயே மறைந்து கிடக்கும் என்பதால் அவ்வப்போது ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து காம்பாக்ட் கொடுங்கள். இல்லையென்றால் டிஸ்க்கில் இடம் காலியாகாது.

டிஸ்க்கை எங்கே வைப்பது என்பது நம் பக்கத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது கொருக்குப்பேட்டையில் தரைத்தள வீடு ஒன்றில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கணினி மேசைமேல் இருந்ததால் தப்பியது. அதன் பேக்கப் டிஸ்க் மேசையின் கீழ் டிராயரில் ஊறிக்கொண்டிருந்தது. கரன்டும் நெட்டும் இல்லாத அந்த நாட்களில், லேப்டாப்பில் மெயில் நகல் வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் பேட்டரி தீர்வதற்குள் இன்ஷூரன்ஸ் பாலிசியைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொண்டார். டிஸ்க்கைப் பரணில் வையுங்கள். மாடி வீட்டில் சொந்தக்காரர் இருந்தால் அங்கே கொடுத்து வையுங்கள்.

கணினியில் இறங்கிய மெயிலுக்குத் தனிப் பூட்டு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணினியைத் திறந்தவர் மெயிலையும் திறக்கலாம். வீட்டில் பலர் பயன்படுத்தும் கணினி என்றால் ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கும் பாஸ்வேர்டும் போடுங்கள். பிரவுசிங் சென்டரில் இதையெல்லாம் நிறுவவே கூடாது.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. ரூட்டரின் ஸ்விட்சை அணைத்துவிட்டு தண்டர்பேர்டைத் திறவுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு பில்லைத் தேடி, அதன் அட்டாச்மென்ட்டைத் திறவுங்கள். எம்.சி. ரோட்டுத் தம்பியின் கடையில் இதைச் செய்தபோது 2019 தீபாவளிக்கு ஈரோட்டிலிருந்து வந்த சரக்கின் பில் திறந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவரு அப்ப டஜனுக்கு முப்பது ரூபா கம்மியா குடுத்திருக்காருண்ணே" என்று சொல்லிவிட்டு, ரூட்டரைக் கூடப் போடாமல் போனை எடுத்தார்.